தூரம் சுருங்கவில்லை; நேரமே சுருங்கியது!

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்திற்கும் இடையே, பூமிப் பந்தின் வளைவை ஒட்டி அளந்தால், ஏறத்தாழ 4,440 கிலோமீட்டர் தூரம் இருக்கின்றது. இடையில் எங்கும் இறங்காமல் பறந்து செல்லும் விமானம் இத்தூரத்தை ஏறத்தாழ 5½ முதல் 6 மணி நேரத்தில் கடந்து விடுகின்றது. சென்னையில் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்படும் ஒருவர், அன்றைய மஃரிபை ஜித்தாவில் தொழ முடிகின்றது. காலையில் பேரக் குழந்தைகளுக்கு முத்தமிட்டு விடைபெற்ற மூதாட்டி, மறுநாள் பொழுது புலரும்போது கஅபாவின் முன்னே கண்ணீர் மல்க நிற்கின்றார்.

இஃது இறைவன் நம் தலைமுறைக்கு அளித்த மாபெரும் அருட்கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வினாவை நம் உள்ளத்திடம் நாமே எழுப்பிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கின்றோம். நம் முன்னோர் வாரக் கணக்கில் கடந்த தூரத்தை நாம் மணிக் கணக்கில் கடக்கின்றோம். அவ்வாறாயின், நமக்கு மிச்சமான அந்த நாட்கள் எங்கே போயின? அவற்றை நாம் எதற்காகச் செலவிட்டோம்?

காற்றை வசப்படுத்தித் தந்த இறைவன்

விரைவான பயணம் என்பது இறைநம்பிக்கையாளர்களுக்குப் புதுமையான செய்தி அன்று. நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு இறைவன் காற்றை வசப்படுத்திக் கொடுத்ததையும், அதன் காலைப் பயணம் ஒரு மாத வழியாகவும் மாலைப் பயணம் ஒரு மாத வழியாகவும் இருந்ததையும் திருக்குர்ஆனின் ஸபா அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஓர் இரவிலேயே மக்காவிலிருந்து பைத்துல் முகத்தஸுக்கு இறைவன் அழைத்துச் சென்றபோது, போக ஒரு மாதமும் வர ஒரு மாதமும் ஆகின்ற வழியை ஒரே இரவில் கடப்பதாவது என்று குறைஷியர் எள்ளி நகையாடினர். தூரத்தைக் காலத்தால் மட்டுமே அளக்கத் தெரிந்த அவர்களுக்கு, தூரத்தையும் காலத்தையும் படைத்தவனின் ஆற்றல் விளங்கவில்லை.

அதே ஸபா அத்தியாயத்தில், சுலைமான் நபியின் செய்தியைத் தொடர்ந்து மற்றொரு வரலாறும் வருகின்றது. யமன் நாட்டில் வாழ்ந்த ஸபா மக்களுக்கு இறைவன் செழிப்பான தோட்டங்களைக் கொடுத்தான். அத்தோடு அவர்களுடைய பயணத்தையும் எளிதாக்கினான். வழி நெடுகிலும் கண்ணுக்குப் புலப்படும் தொலைவில் ஊர்கள் இருந்தன. இரவிலும் பகலிலும் அச்சமின்றி அவர்கள் பயணம் செய்தனர். ஆனால், அம்மக்கள் அந்த அருட்கொடைக்கு நன்றி செலுத்தவில்லை. தங்கள் பயணங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அதிகமாக்குமாறு கேட்டுத் தங்களுக்குத் தாங்களே தீங்கிழைத்துக் கொண்டனர். இறுதியில் அவர்கள் சிதறடிக்கப்பட்டுப் பிறர் பேசும் கதையாகிப் போயினர்.

பயணம் எளிதாவது இறைவனின் அருள். அந்த அருளை அலட்சியம் செய்வது ஆபத்து. இதுவே ஸபா மக்களின் வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம். எளிதான பயணத்திற்குரிய நன்றி, விமானம் தரையிறங்கியதும் வாயால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வதோடு முடிந்து விடுவதில்லை. மிச்சமான காலத்தை, அதனை மிச்சப்படுத்திக் கொடுத்தவனுக்கு உவப்பான வழியில் செலவிடுவதே உண்மையான நன்றியாகும்.

பயணமே பள்ளிக்கூடமாக இருந்த காலம்

1325ஆம் ஆண்டு மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு பதூதா, 1326ஆம் ஆண்டின் இறுதியில்தான் அக்கடமையை நிறைவேற்ற முடிந்தது. பின்னாளில் நம் மதுரை வரை வந்து சென்ற அதே பயணியார்தாம் அவர். மக்காவை அடைவதற்கு முன்னே ஊர் ஊராகத் தங்கி, அறிஞர்களைச் சந்தித்து, அவர்களிடம் பாடம் கேட்டு, பக்குவம் பெற்றே அவர் புனித நகருக்குள் நுழைந்தார்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் பாட்டனார் காலத்துக் கதையையே எடுத்துக் கொள்வோம். அந்நாளில் தமிழகத்திலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வோர் முதலில் இரயிலேறிப் பம்பாய் செல்வர். அங்கே சாபு சித்தீக் முசாபிர்கானா போன்ற தங்குமிடங்களில் கப்பலுக்காகக் காத்திருப்பர். பின்னர் மொகல் லைன் நிறுவனத்தின் கப்பலில் ஏறி அரபிக்கடலையும் செங்கடலையும் கடப்பர். பம்பாய்க்கும் ஜித்தாவுக்கும் இடையிலான கடல்வழி ஏறத்தாழ 2,300 கடல் மைல். பழைய கப்பல்கள் இத்தூரத்தைக் கடக்க 12 முதல் 15 நாட்கள் வரை எடுத்துக் கொண்டன. அதற்கும் முந்திய காலத்தில் செங்கடலின் காமரான் தீவில் இறங்கி, தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தங்கிச் செல்ல வேண்டிய தொல்லையும் இருந்தது. இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல் கடைசியாகச் சென்றது 1995ஆம் ஆண்டில்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 2,300 கடல் மைல் என்பது ஏறத்தாழ 4,260 கிலோமீட்டர். இன்று நாம் சென்னையிலிருந்து பறக்கும் தூரமோ 4,440 கிலோமீட்டர். நம் பாட்டனார் கப்பலில் கடந்த தூரமும் நாம் விமானத்தில் கடக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றே! தூரம் சுருங்கவில்லை, நேரமே சுருங்கியது.

அந்தப் பதினைந்து நாட்களும் வீணாகக் கழிந்த நாட்கள் அல்ல. கப்பலின் மேல்தளம் தொழுமிடமாயிற்று. உடன் வந்த ஆலிம் அங்கே பாடம் நடத்தினார். தவாபின் முறை என்ன, ஸயீயின் ஒழுங்கு என்ன, அரபாவில் தங்கும் நேரம் எது என்றெல்லாம் எழுத்தறியாதவரும் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்துக் கொண்டனர். கடலின் கொந்தளிப்பு செல்வரின் செருக்கை அடக்கியது. ஒரே தளத்தில் பலரோடு படுத்துறங்கிய அனுபவம் பொறுமையைக் கற்பித்தது. வணிகத்தின் நினைவும் வீட்டின் நினைவும் கரையோடு கரையாகப் பின்தங்கிவிட, ஜித்தாவில் இறங்கும்போது ஹாஜி உள்ளத்தால் ஏற்கெனவே இஹ்ராம் அணிந்தவராக இருந்தார்.

இன்றோ, கடையின் கணக்கைப் பார்த்துக்கொண்டே விமானம் ஏறி, உணவுத் தட்டை முடித்து, ஓர் உறக்கம் உறங்கி விழித்தால் ஜித்தா வந்துவிடுகின்றது. உடல் வந்து சேர்ந்துவிட்டது; உள்ளம் இன்னும் கடைத்தெருவிலேயே நிற்கின்றது! இது விமானத்தின் குற்றமன்று. கப்பல் தானாகவே செய்து கொடுத்த பணியை, விமானம் நம் கையில் ஒப்படைத்துவிட்டது. நாமோ அதனைக் கையேற்கவில்லை.

ஷரீஅத் அளப்பது தூரத்தையே

ஆறு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து செல்பவரும் பயணியாவாரா, அவருக்கும் தொழுகையைச் சுருக்கும் சலுகை உண்டா என்று சிலர் ஐயுறுவர். உண்டு என்பதே மார்க்க அறிஞர்களின் தெளிவான விடை. ஒட்டகத்தின் நடையை அல்லது மனிதனின் நடையைக் கொண்டே முற்கால அறிஞர்கள் பயண எல்லையைக் கணித்தனர். ஹனபி வழியினர் மூன்று நாள் நடைத் தூரம் என்றனர். ஷாபிஈ வழியினர் இரண்டு மன்ஸில் என்றனர். இன்றைய அளவில் இதனை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்று பலர் கூறுவர். அத்தூரத்தை ஒருவர் எத்துணை விரைவில் கடந்தாலும் அவர் பயணியே. சட்டத்தின் பார்வை அவர் கடந்த தூரத்தின் மீது இருக்கின்றது. கடிகாரத்தின் மீது அன்று.

கலீபா உமர் (ரலி) அவர்களிடம் யஅலா இப்னு உமையா (ரலி) அவர்கள் இதையொத்த ஐயத்தை எழுப்பியதுண்டு. பகைவரின் அச்சம் இருக்கும்போது தொழுகையைச் சுருக்கலாம் என்று இறைமறை கூறுகின்றதே, இப்போது மக்கள் அச்சமின்றி இருக்கின்றார்களே என்று அவர்கள் கேட்டார்கள். தமக்கும் அதே வியப்பு ஏற்பட்டதாகவும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அஃது இறைவன் வழங்கிய தர்மம், அதனை ஏற்றுக்கொள்ளுங்கள் எனப் பெருமானார் விளக்கியதாகவும் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். சிரமம் குறைந்தாலும் சலுகையை இறைவன் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. எத்துணைப் பெருங்கருணை!

இதிலே நமக்கு இன்னொரு செய்தியும் பொதிந்துள்ளது. நேரம் குறைந்ததால் சலுகை குறையவில்லை. அவ்வாறே, நேரம் குறைந்ததால் பயணியின் பொறுப்பும் குறைந்துவிடவில்லை. சலுகையைத் தூரத்தால் அளந்து பெற்றுக்கொண்டு, பொறுப்பை மட்டும் மணிக்கணக்கால் அளந்து தட்டிக் கழிப்பது எவ்வகையில் நியாயம்?

பயணச்சீட்டில் காணும் நேரம்

நம் இல்லங்களில் அடிக்கடி ஏற்படும் ஒரு குழப்பத்தையும் இங்கே சுட்டிக்காட்டல் வேண்டும். பிற்பகல் 2 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு 5.30 மணிக்கு ஜித்தா சேரும் என்று பயணச்சீட்டில் காணப்பட்டால், மூன்றரை மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடுகின்றோம். புறப்படும் நேரம் இந்திய நேரம். சேரும் நேரம் ஸஊதி நேரம். ஸஊதிக் கடிகாரம் நம்முடையதை விட 2½ மணி நேரம் பின்தங்கியது. ஆகவே, மெய்யான பயணம் 6 மணி நேரம். வளைகுடா நகரங்களில் இறங்கி வேறு விமானம் மாறுவோருக்குக் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து 10 மணி நேரத்தையும் கடந்துவிடக்கூடும். முதியவர்களின் மருந்து வேளையையும் உணவு வேளையையும் இக்கணக்கின்படியே அமைத்துக் கொள்ளுதல் நலம்.

தொழுகைக்கும் நோன்புக்கும் இக்கணக்கு இன்றியமையாதது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே தீர்க்கரேகைகளில் 41 பாகை வேறுபாடு உள்ளது. ஒரு பாகையைக் கடக்கக் கதிரவனுக்கு 4 நிமிடம் ஆகின்றது. எனவே, மேற்கு நோக்கிப் பறப்பவருக்குப் பகல் நீண்டுகொண்டே செல்கின்றது. சென்னையில் நோன்பு நோற்றுப் புறப்படுபவருக்கு, ஊரில் இருப்போரை விட 2½ முதல் 3 மணி நேரம் பிந்தியே இஃப்தார் கிட்டும். வீட்டிலிருந்து கொண்டு வந்த கைக்கடிகாரத்தைப் பார்த்து நோன்பு துறப்பது கூடாது. அவர் இருக்கும் இடத்தில் கதிரவன் மறைந்தாக வேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகையையும் இறைமறை வழங்கியிருக்கின்றது. நண்பகலில் புறப்பட்டவருக்கு அஸர் நேரம் வானிலேயே வந்து சேரும். இரு தொழுகைகளை இணைத்துத் தொழுவதில் ஷாபிஈ வழியினருக்கு இடமுண்டு. ஹனபி வழியினர் அரபாவிலும் முஸ்தலிபாவிலும் அன்றி அவ்வாறு செய்வதில்லை. இவற்றையெல்லாம் விமானத்தில் ஏறிய பின்னர் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பதை விட, புறப்படுமுன் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டறிவதே அறிவுடைமை.

ஐந்து நிமிட உறக்கம்

இஹ்ராம் அணிய வேண்டிய எல்லைகளை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே வரையறுத்துத் தந்தார்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் சென்ற முன்னோர்க்கு யலம்லம் எல்லையாக இருந்தது. அதன் நேரே கப்பல் வருமுன்பே ஹாஜிகள் ஆற அமரக் குளித்து, இஹ்ராம் உடுத்தி, இரண்டு ரக்அத் தொழுது, தல்பியா முழங்கினர்.

விமானத்தின் நிலை வேறு. கிழக்கிலிருந்து ஜித்தாவை நோக்கி வரும் விமானங்கள் தாயிபுக்கு அருகேயுள்ள கர்னுல் மனாஸில் எல்லையை ஒட்டிக் கடந்து செல்வதுண்டு. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு நிமிடத்தில் 14 கிலோமீட்டரைக் கடக்கின்றது. ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் 70 கிலோமீட்டர் கடந்துபோகும்! முன்னோர் ஒரு பகல் முழுவதும் காத்திருந்து கடந்த எல்லையை நாம் ஒரு கொட்டாவிக்குள் கடந்துவிடுகின்றோம். ஹஜ்ஜையோ உம்ராவையோ நாடியவர் இஹ்ராம் இன்றி எல்லையைக் கடந்துவிட்டால், திரும்பச் சென்று இஹ்ராம் அணிய வேண்டும். அன்றேல் ஓர் ஆட்டைப் பலியிட்டுப் பரிகாரம் செய்ய வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்பு.

ஆகவே, இஹ்ராம் துணியைப் பெட்டியில் வைத்துச் சரக்கோடு சரக்காக அனுப்பிவிட்டு, வானில் கையைப் பிசைந்துகொண்டிருத்தல் தகாது. விமானம் ஏறுமுன்பே துணியை உடுத்திக்கொண்டு, எல்லை நெருங்குவதாக அறிவிக்கப்பட்டதும் நிய்யத் செய்து தல்பியா கூறுவதே பாதுகாப்பான வழி. முதலில் மதீனா செல்வோருக்கு இவ்விதி இல்லை. அவர்கள் மதீனாவிலிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைபாவில் இஹ்ராம் அணிவர்.

விமானம் சுமக்காத தூரம்

ஜித்தா விமான நிலையம் 1981ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே ஹஜ் பயணிகளுக்கென்று அமைந்துள்ள முனையத்தின் கூரை, பாலைவனக் கூடாரங்களை வரிசையாக அடித்து வைத்தாற்போல் தோற்றமளிக்கும். அதன் கட்டுமானத்தில் முதன்மைப் பங்காற்றிய பொறியியல் அறிஞர் பஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். 1982ஆம் ஆண்டு அதே ஜித்தா நகரில் உயிர் நீத்தவர். விமானத்திலிருந்து இறங்கியதும் கூடார நிழலில் நிற்கும் ஹாஜிக்கு அக்கூரை ஓர் உண்மையை நினைவூட்டுகின்றது. வானப் பயணம் முடிந்தது. பழைய பயணம் இனித்தான் தொடங்குகின்றது.

தவாபின் ஏழு சுற்றுகளையும் கால்களே சுற்றியாக வேண்டும். ஸபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை செல்லும்போது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். மக்காவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரபாவும், வழியிலுள்ள மினாவும் முஸ்தலிபாவும் நபிகளார் காலத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 2024ஆம் ஆண்டின் ஹஜ்ஜின்போது வெப்பம் 50 பாகையைக் கடந்தது. அவ்வாண்டில் 1,301 பேர் உயிரிழந்ததாக ஸஊதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். முறையான அனுமதியோடு செல்வது அரசாங்கச் சடங்கு மட்டுமன்று, உயிர்க்காவலும் ஆகும்.

ஆயினும் நம்மிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. மகளைக் கட்டிக் கொடுத்து, மகனுக்குக் கடை வைத்துக் கொடுத்து, வீட்டுக்கு மாடியும் எழுப்பி, முழங்காலில் வலி வந்த பிறகே ஹஜ்ஜை நினைக்கின்றோம். மாதக் கணக்கில் கடையையும் குடும்பத்தையும் விட்டுப் பிரிய வேண்டியிருந்த காலத்தில் இத்தாமதத்திற்கு ஒரு காரணம் இருந்தது. ஆறு மணி நேரப் பயணத்திற்கு என்ன காரணம் கூறப் போகின்றோம்? சக்தி பெற்றவர் உடனே நிறைவேற்ற வேண்டும் என்பது பல இமாம்களின் கருத்து. தாமதிக்க இடமுண்டு என்று கூறும் ஷாபிஈ வழியிலும், சக்தி பெற்ற பின் நிறைவேற்றாமல் இறந்தவர் குற்றத்திலிருந்து தப்புவதில்லை. 2024ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 1,75,025 மட்டுமே. ஆதலின், விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் குலுக்கலுக்குக் காத்திருப்போரை எவரும் குறை கூறலாகாது. விண்ணப்பிக்கவே மனமில்லாதவர்தாம் சிந்திக்க வேண்டும்.

இரண்டு தெரு தூரம்

இனி, இக்கட்டுரையின் தலையாய கருத்துக்கு வருவோம். முற்காலத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் திரும்பி வருவோம் என்ற உறுதியின்றியே புறப்பட்டார். ஆதலால் பட்ட கடனை அடைத்தார். அடகு வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தார். வஸிய்யத் எழுதினார். பகைத்தவர் வீட்டுப் படியேறிப் பிழை பொறுக்க வேண்டினார். இன்று பத்தே நாட்களில் திரும்பிவிடும் பயணம்தானே என்று அவையனைத்தையும் கைவிட்டோம். திரும்பும் பயணச்சீட்டு நம் கையில் இருக்கின்றது, மெய்தான். திரும்பும் உயிர் யார் கையில் இருக்கின்றது?

தந்தை விட்டுச் சென்ற சொத்தில் மகளுக்குரிய பங்கை இறைமறையே வரையறுத்திருக்கின்றது. அப்பங்கைக் கொடுக்காமல், திருமணத்தின்போது போட்ட நகையே போதும் என்று சகோதரியின் வாயை அடைத்துவிட்டு, அதே சொத்தின் வாடகைப் பணத்தில் ஆண்டுக்கொரு உம்ரா செய்பவர் நம்மிடையே இல்லையா? அவருக்கு ஜித்தா ஆறு மணி நேரத் தூரம். சகோதரியின் வீடு இரண்டு தெரு தூரம். 4,440 கிலோமீட்டரை ஆண்டுதோறும் கடப்பவரால் அந்த இரண்டு தெருவைப் பத்தாண்டுகளாகக் கடக்க முடியவில்லை! தொழிலாளியின் கூலியை நிறுத்தி வைத்திருப்பவரும், அண்டை வீட்டாரின் நிலத்தில் ஒரு முழம் சேர்த்து மதில் எழுப்பியவரும், பெற்ற தாயோடு பேசாதிருப்பவரும் இதே நிலையில் உள்ளவர்களே.

இறைவனுக்குச் செலுத்த வேண்டிய கடமையில் நேர்ந்த குறைகளை அவன் தன் கருணையால் மன்னிப்பான். மனிதருக்குச் செலுத்த வேண்டிய உரிமையோ, அதனை உரியவரிடம் கொடுத்தால் அல்லது உரியவரே மனமுவந்து மன்னித்தால் அன்றித் தீர்வதில்லை என்று அறிஞர்கள் எச்சரிக்கின்றனர். பயணத்திற்குரிய கட்டுச்சோற்றை எடுத்துக்கொள்ளுமாறு ஹஜ் பற்றிய வசனத்திலே கட்டளையிட்ட இறைவன், கட்டுச்சோற்றில் சிறந்தது இறையச்சமே என்று அங்கேயே உணர்த்தியிருக்கின்றான். பிறர் பங்கை வயிற்றில் சுமந்துகொண்டு செல்பவர் எந்தக் கட்டுச்சோற்றை எடுத்துச் செல்கின்றார்?

பதினைந்து நாட்களை மீட்டெடுப்போம்

இதற்கு வழி ஒன்று உண்டு. அஃது எளிய வழியே. கப்பல் எடுத்துக்கொண்ட அந்தப் பதினைந்து நாட்களை விமானம் நமக்குத் திருப்பிக் கொடுத்திருக்கின்றதல்லவா? ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ செல்லும் ஒவ்வொருவரும், விமானம் ஏறும் நாளுக்கு முந்திய பதினைந்து நாட்களைக் கப்பலில் ஏறிவிட்ட நாட்களாகவே கருதி ஒதுக்கிக் கொள்ளட்டும்.

முதல் ஐந்து நாட்கள் மனிதருக்கு உரியவை. கடன் பட்டியலை எழுதுக. சகோதரியின் பங்கைப் பிரித்துக் கொடுக்க இயலுமாயின் கொடுத்துவிடுக. உடனே இயலாவிடின், அவரை அமர்த்தி, எழுத்தில் பொறித்து, சாட்சிகள் முன்னிலையில் உறுதி செய்க. பகை கொண்டவர் வீட்டுக்கு நேரிலேயே செல்க. எல்லோருக்கும் பொதுவாகத் தொலைபேசியில் அனுப்பும் மன்னிப்புச் செய்தி, மன்னிப்பு ஆகாது. வஸிய்யத் எழுதி, குடும்பச் செலவுக்கு வழி செய்க.

அடுத்த ஐந்து நாட்கள் அறிவுக்கு உரியவை. மஹல்லாவின் ஆலிமிடம் அமர்ந்து ஹஜ், உம்ராவின் பர்ளுகளையும் சுன்னத்துகளையும் பயில்க. கணவனும் மனைவியும் சேர்ந்தே பயில்க. பெண்டிருக்குரிய சட்டங்கள் சில தனியே உண்டு. நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் நடந்து பழகுக.

இறுதி ஐந்து நாட்கள் உள்ளத்திற்கு உரியவை. கடைச் சாவியை மகனிடமோ தம்பியிடமோ ஒப்படைத்துவிடுக. விருந்துகளைக் குறைத்து, திருமறை ஓதுவதையும் பாவமன்னிப்புக் கோருவதையும் அதிகமாக்குக. வழியனுப்பும் கூட்டமும் மாலையும் புகைப்படமும் குறைந்தால் ஹஜ்ஜுக்கு எவ்விதக் குறையும் நேர்ந்துவிடாது.

இவ்வாறு பதினைந்து நாட்கள் இல்லத்திலேயே பயணம் செய்தவருக்கு, வானில் செல்லும் ஆறு மணி நேரம் அப்பயணத்தின் கடைசிக் கட்டமாக அமையும். அவர் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போதே, முற்கால ஹாஜி ஜித்தாத் துறைமுகத்தில் இறங்கிய அதே பக்குவத்தோடு ஏறுவார். எல்லை நெருங்கும் அறிவிப்பு அவர் காதில் விழும்போது, அவர் உள்ளம் என்றோ அவ்வெல்லையைக் கடந்திருக்கும்.

பயணத்தை எளிதாக்கித் தந்த வல்ல நாயன், அந்த எளிமைக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக நம்மை ஆக்குவானாக! தூரத்து ஊரைக் காட்டித் தருமுன், அருகிலுள்ள வீடுகளுக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமைகளைச் செலுத்தும் மனத்தை அளிப்பானாக! இன்னும் செல்லாதோர்க்கு அந்நாளை விரைவாக்கி, சென்று வந்தோரின் ஹஜ்ஜையும் உம்ராவையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.